மண்ணுக்கடியில் சிவப்புக் கோடு

அம்மா இறந்த பதினெட்டாம் நாள் பல் டாக்டர் வீட்டுக்குப் போனேன். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. கையில் மட்டம் பார்க்கும் கருவி இருந்த பெட்டி. சாலை போடும் இடங்களில் மேடு பள்ளம் அளப்பது என் வேலை.

அம்மாவின் வேலை புறநகர் வீடுகளுக்குத் தோட்டம் அமைப்பது. நாற்றுப் பண்ணையில் தண்ணீர் ஊற்றும் ஆளாகச் சேர்ந்து, தானாகவே வரைபடம் போடக் கற்றுக்கொண்டவள். இருபத்திரண்டு வருடம். எந்த வீட்டிலும் முதலில் செடியைப் பற்றிப் பேசமாட்டாள். பின்வாசலில் ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று இடுப்பில் கைவைத்துப் பார்ப்பாள். "மொதல்ல தண்ணிக்கு வழி, அப்புறம்தான் ரோஜாவுக்கு எடம்" என்பாள். வேலை முடிந்ததும் அடிச்சுவரைச் சுற்றிச் சிவப்பு பெயிண்டில் ஒரு கோடு இழுப்பாள். அதற்கு மேல் மண் ஏறினால் சுவர் ஈரம் குடிக்கும். மழைநீர் வீட்டைப் பார்த்துத் திரும்பும்.

"வீட்டுக்கு லிப்ஸ்டிக் போட்டாச்சாம்மா?" என்று கிண்டல் செய்திருக்கிறேன்.

அவள் கடைசியாகச் செய்தது இந்த டாக்டர் வீடு. முன்னால் கல் பதித்த நடைபாதை, இருபுறமும் குட்டைப் புதர்கள். பின்னால் புல்தரை, அதன் கோடியில் மழைநீர் இறங்க ஒரு குழி. ஆறே மாதத்தில், ஒரு மழைக்குச் சமையலறைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவளுக்குப் போன் போட்டுக் கத்தினார் டாக்டர். தோட்டக்காரம்மா வீட்டையே கெடுத்துவிட்டாள் என்று தெரு முழுக்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு பதினோரு நாள் இருந்தாள். மூச்சு வாங்க வாங்க ஒன்றையே கேட்டாள்.

"சரிவு எங்கடி தப்பாச்சு? ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாயேன்."

"அடுத்த வாரம் போறேம்மா."

அடுத்த வாரம் அவள் இல்லை.

பின்பக்கம் போனேன். சமையலறைச் சுவரில் கோட்டைக் காணோம். புல் சுவரோடு ஒட்டி வளர்ந்திருந்தது. குனிந்து பிய்த்தேன்.

"ஏம்மா, என்ன பண்றே! இப்பத்தான் வேர் புடிச்சிருக்கு!"

விரலால் தோண்டினேன். ஒரு சாண் ஆழத்தில் சிவப்பு தெரிந்தது.

"இதுமேல மண்ணக் கொட்டுனது யாரு?"

"நாங்கதான். கோடு அசிங்கமா இருந்துச்சு. போட்டோ எடுத்தா அதுதான் பளிச்சுன்னு தெரியுதுன்னு என் வொய்ஃப் சொன்னா. ரெண்டு லோடு மண்ணு போட்டு, மேல புல்லப் பதிச்சோம்."

"எப்ப? மழைக்கு முன்னாடியா?"

"முன்னாடிதான்."

"போன்ல அம்மாவத் திட்டினீங்களே, அப்ப இதச் சொன்னீங்களா?"

டாக்டர் நான் பிய்த்துப் போட்ட புல்லைக் குனிந்து எடுத்தார்.

"ஈறு வளந்து பல்லையே மூடிட்டா அழகா இருக்குன்னு விட்டுருவீங்களா டாக்டர்?"

சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குரலை இறக்கி, "தப்புதாம்மா. இப்ப இத எப்படிச் சரி பண்றது?" என்றார்.

அம்மாவாக இருந்தால் அப்போதே மண்வெட்டி கேட்டிருப்பாள். நான் அம்மா இல்லை.

"அவங்க போட்ட படம் உங்ககிட்டதான இருக்கு? பாத்து நீங்களே வெட்டுங்க. வெட்டும்போது தெருவுல யாராச்சும் ஏன்னு கேட்டா, அதையும் நீங்களே சொல்லுங்க."

கருவியைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. தேவைப்படவில்லை. கண்டுபிடிக்க ஒரு கை போதுமாக இருந்தது.

நகக்கண்ணில் மண்ணோடு போய்க் காரைக் கிளப்பினேன். இரண்டாவது திருப்பத்தில் அம்மா படுத்திருந்த ஆஸ்பத்திரி வந்தது. மணி பார்த்தேன். டாக்டர் வீட்டிலிருந்து ஏழே நிமிடம்.