பகோடா உயரப் பனிக்கட்டி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் ரங்கூனில் நடந்தது இது. அங்கே ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் நான் சயின்ஸ் டீச்சர். கல்யாணம் ஆகவில்லை, வாய் கொஞ்சம் நீளம், எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்கிற நினைப்பு வேறு.

ஊரில் தமிழர்கள் நடத்திய வாசகசாலை ஒன்று இருந்தது. மாதம் ஒரு ஞாயிறு மாலை அங்கே மேஜிக் லாந்தரில் படம் காட்டிப் பேசுவார்கள். அதுவரை மேடையேறியவர்கள் எல்லோரும் ஆண்கள். ஒரு தடவை ஒரு பெண்ணைப் பேச வைப்போம் என்று கமிட்டியில் மல்லுக்கட்டி என்னைச் சேர்த்தவர், என் மாணவி ஒருத்தியின் அப்பா. இன்சீன் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் குமாஸ்தா.

அவருக்கு அதில் சொந்தக் காரியமும் ஒன்று இருந்தது. அவர் வீட்டில் அவருடைய அண்ணன் வைத்ததுதான் சட்டம். அந்த அண்ணன், பெண்ணுக்கு மோல்மீனில் வரன் பார்த்துவிட்டு, படித்தது போதும் என்று சொல்லிவிட்டார். பெண்ணோ மேலே படித்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

"அண்ணனைக் கையோட கூட்டிட்டு வரேன், டீச்சரம்மா. ஒரு பொம்பளை மேடையில நின்னு நாலு விஷயம் சொல்றத அவர் கண்ணால பாக்கட்டும். அப்புறம் வீட்ல நான் பேசிக்கிறேன்" என்றார் அவர். கவலையே வேண்டாம் என்றேன்.

துருவக் கடல் என்று தலைப்பு வைத்தேன். கண்ணாடிப் படங்கள் மிஷனில் இரவல் கிடைத்தன. ஆனால் கடல் எவ்வளவு தடிமனாக உறையும் என்பது எங்கள் பள்ளிப் புத்தகம் எதிலும் இல்லை. நாமே அளந்து கணக்குப் போட்டுவிடலாம் என்று கிளம்பினேன். ரங்கூனில் பனிக்கட்டிக்கு எங்கே போவது? ஐஸ் பாக்டரிதான்.

துணைக்கு எங்கள் பள்ளியின் பர்மிய ஆசிரியை வந்தார். என்னைவிட மூத்தவர். எல்லோரையும் போல நானும் அவரை ஸயாமா என்றுதான் கூப்பிடுவேன், பர்மா பாஷையில் டீச்சர் என்று அர்த்தம். குளிர்ந்த தொட்டிக்குள் எங்களுக்காக ஒரு டின்னில் உப்புத் தண்ணீர் ஊற்றி இறக்கினார்கள். ஒரு மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால் டின்னின் உட்பக்கம் ஒரு விரல் பருமனுக்கு ஐஸ் பிடித்திருந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

"சாயங்காலம் வரைக்கும் இருப்போம், தங்கச்சி. மறுபடி மறுபடி அளந்து பாப்போம்" என்றார் ஸயாமா.

எனக்கோ தையற்காரர் கடை மூடுவதற்குள் போயாக வேண்டும். மேடைக்கென்று புது ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்தேன். ஐஸ் மெஷினின் அமோனியா நெடியில் கண் வேறு எரிந்தது. "உங்க ஊர்ல பனியே கிடையாது, ஸயாமா. இதுல உங்களுக்கு என்ன தெரியும்?" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். என் அப்பா பிறந்த தஞ்சாவூரில் என்னமோ பனிமலை இருப்பதைப் போல! அவர் குடையை எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே டிராமுக்கு வந்தார்.

ஒரு மணிக்கு ஒரு விரல் என்றால் ஒரு நாளைக்கு எவ்வளவு, ஆறு மாதக் குளிர்காலத்துக்கு எவ்வளவு என்று பெருக்கிக்கொண்டே போனேன். விடை கிட்டத்தட்ட, ஊரில் முந்நூறு அடிக்கு நிமிர்ந்து நிற்கிற ஷ்வேடகோன் பகோடாவின் உயரத்துக்கு வந்தது. அப்போதாவது சந்தேகம் வர வேண்டாமா? ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று புரிகிற மாதிரி வந்திருக்கிறதே என்று மகிழ்ந்துபோனேன்.

அந்த ஞாயிறு வாசகசாலை நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் அண்ணன் கைத்தடியோடு உட்கார்ந்திருந்தார். பெண்கள் பக்கத்தில் என் மாணவி வாயெல்லாம் பல்லாக இருந்தாள். பகோடா கணக்கைச் சொன்னதும் கூட்டம் "அடேயப்பா" என்றது. லாந்தரைப் பார்த்துக்கொண்ட ஸயாமாவிடம் அடுத்த படம் என்று கை காட்டினேன்.

படத்தில், பனியில் சிக்கிய கப்பலுக்கு வழி உண்டாக்க மாலுமிகள் கடலை ரம்பம் போட்டு அறுத்துக்கொண்டிருந்தார்கள். அறுத்தெடுத்த கட்டி ஒன்றை, உறைந்திருந்த வாக்கிலேயே மேலே இழுத்து வைத்து, அதன்மேல் முழங்கையை ஊன்றி ஒருவன் நின்றான். நான் வீட்டில் எத்தனையோ தடவை பார்த்த படம்தான். பக்கத்தில் நின்ற நாயின் அழகைத்தான் பார்த்திருக்கிறேன்.

"ஏம்மா, பகோடா எங்கம்மா? இது அந்த ஆளு தோளுக்குத்தானே இருக்கு!" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

கூட்டம் சிரித்த சிரிப்பில் கூரைத் தகரம் அதிர்ந்தது. ஸயாமா அவசர அவசரமாகப் படத்தை மாற்றிப் பார்த்தார். அதற்குள் எல்லோரும் பார்த்தாயிற்று. "நான் போட்ட கணக்கு தப்பு" என்று ஒருவழியாகச் சொன்னேன். முதல் வரிசைக்காவது கேட்டதோ என்னவோ. மீதிப் படங்களை எப்படிக் காட்டி முடித்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வாசலில் குமாஸ்தா நின்றிருந்தார். முகத்தில் கோபமே இல்லை. அது இன்னும் வலித்தது. "தப்புன்னு ஒத்துக்கிட்டீங்களே, அது பெரிய விஷயம், டீச்சரம்மா. ஆனா எங்கண்ணனுக்குச் சிரிப்புச் சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு" என்றார்.

காய்ச்சல் என்று சொல்லி அந்த வாரம் முழுக்க நான் வீட்டிலேயே கிடந்தேன். திரும்பிப் போன அன்றைக்குத்தான் அந்தப் பெண்ணைப் படிப்பிலிருந்து நிறுத்திச் சர்ட்டிபிகேட் வாங்கிப்போக அவள் அப்பா வந்திருந்தார். அவர் ஆபீசில் இருக்க, அவள் மட்டும் என்னைத் தேடி வந்தாள். அழப்போகிறாள், இல்லை என்னைக் கோபமாக ஏதாவது கேட்கப்போகிறாள் என்று பயந்துகொண்டே நின்றேன்.

"டீச்சர், அப்ப நிஜமா எவ்வளவுதான் உறையும்? ஏன் அதுக்கு மேல வளரல?"

எனக்குப் பதில் தெரியவில்லை. யார் யார் சிரித்தார்கள், யார் யாரிடம் போய்ச் சொல்லியிருப்பார்கள் என்பதையே நாளெல்லாம் நினைத்து மருகிய எனக்கு, கணக்கு எங்கே பிசகியது என்று பார்க்கத் தோன்றவே இல்லை. "பாத்துச் சொல்றேம்மா" என்றேன். அவள் அதை நம்பித் தலையாட்டினாள்.

அந்தச் சனிக்கிழமை ஸயாமாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி, வா" என்று மட்டும் சொல்லி என்னோடு பாக்டரிக்கு வந்தார். இந்தத் தடவை பொழுது சாயும்வரை உட்கார்ந்து அளந்தோம். முதல் மணியில் விரல் பருமன் பிடித்த ஐஸ், அடுத்தடுத்த மணிகளில் குறைந்துகொண்டே போய், சாயங்காலம் ஒரு நூல் அளவுதான் ஏறியது. பிடித்த ஐஸே சுவர் மாதிரி நின்று குளிரை உள்ளே விடாமல் தடுக்கிறது. சுவர் தடிக்கத் தடிக்க வளர்ச்சி மெதுவாகிறது. இவ்வளவுதான் விஷயம். ஒரு பகல் பொறுமையாக உட்கார்ந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

மறுநாள் ரயில் பிடித்து இன்சீனுக்கு ஓடினேன். வீடு பூட்டியிருந்தது. கல்யாணத்துக்காக எல்லோரும் மோல்மீனுக்குக் கப்பல் ஏறிவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். கடிதமாவது போட்டிருக்கலாம். கல்யாணப் பெண்ணுக்குப் பனிக்கட்டியைப் பற்றி எழுதுவதா என்று கூசி, அதையும் செய்யாமல் விட்டேன்.

அன்று சிரித்தவர்களில் ஒருவர் முகமும் இப்போது எனக்கு நினைவில் இல்லை. ஆனால், என்னால் படிப்பு நின்றுபோன அன்றைக்கும் அந்தக் கேள்விக்கு விடை கேட்டு என் முன்னால் வந்து நின்றாளே, அந்தப் பெண்ணை நினைத்தால் மட்டும் இந்த வயதிலும் எனக்குத் தலை தாழ்ந்துவிடுகிறது.