சவரியப்பன் வீட்டுக் காத்து மோட்டார்

ஆட்காட்டி விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு, எதிரே இருக்கிற எதன் இடுக்கிலாவது வைத்துப் பார்ப்பார் சவரியப்பன். பஸ் டயரானாலும் சரி, கோவில் ஆர்மோனியமானாலும் சரி. ஈரம் சில்லிட்டால் காற்று கசிகிறதாம். வழியில் என்னைக் கண்டால் முதலில் சைக்கிள் வால்வில் விரலை வைப்பார்; பிறகுதான் எனக்குத் தோத்திரம்.

அருப்புக்கோட்டையில் கலியாணத்துக்கும் சப்பரத்துக்கும், பம்பால் காற்றடித்து எரிக்கிற கேஸ் லைட் வாடகைக்கு விடுகிறவர் அவர். யுத்தத்தில் மண்ணெண்ணெய்க்கு ரேஷன் வந்ததிலிருந்து லைட்டுகள் உத்தரத்தில் சும்மா தொங்குகின்றன. அவருக்கோ வெளிச்சத்தைவிடக் காற்றின் மேல்தான் பிரியம். "ஆண்டவரு ஆதாம் மூக்குல ஊதுனது காத்துத்தானே? மண்ணே எந்திருச்சு நடந்துச்சு. சக்கரம் சுத்தாதா?" என்பார்.

அவர் மனைவி தெரசாள் நெசவாளர்களுக்குத் தார் சுற்றிக் கொடுக்கிறவள். வலது கையால் ராட்டையைச் சுழற்றி, இடது கையால் நூலைக் குச்சியில் ஏற்றவேண்டும்; நூல் ஏறிய குச்சிதான் தார். ஆடி மாதம் முதல் அவளுக்கு வலது தோளைத் தூக்க முடியவில்லை. திங்கட்கிழமைக்குள் கூடை நிறையாவிட்டால் நூலை வேறு வீட்டுக்குக் கொடுக்கவேண்டியிருக்கும் என்று தறிக்காரர் சண்முகவேல் மனசில்லாமல் சொல்லிப் போனார். கலியாணமான நாளாகச் செய்கிற வேலை. தெரசாள் அன்று சோறு உண்ணவில்லை.

சவரியப்பனே ராட்டையைச் சுற்றிக் கொடுத்திருக்கலாம். ஆனால் ஆம்பிளை ராட்டையில் கை வைத்தால் எங்கள் தெருவே சிரிக்கும். அவர் மோட்டார் செய்ய உட்கார்ந்தார்.

லைட்டுகளின் எண்ணெய்த் தொட்டிகளைக் கழுவிக் குழாயால் இணைத்து, பம்பால் காற்றை அடைத்தார். அந்தக் காற்று இன்னொரு பழைய சைக்கிள் பம்புக்குள் போய்த் தண்டைத் தள்ளும்; தண்டு, கைப்பிடி இருந்த இடத்தில் ராட்டையைத் தள்ளும். முதல் தடவை குழாய் பிடுங்கிக்கொண்டு, அடையில் இருந்த கோழி கூரைமேல் போய் உட்கார்ந்தது. பம்புத் தண்டின் தோல் வாசருக்குத் தேங்காயெண்ணெய் தடவி, மறுபடி விரலை வைத்துப் பார்த்தார்.

சனிக்கிழமை மத்தியானம் ராட்டை புஸ் புஸ்ஸென்று மூச்சுவிட்டுக்கொண்டு தானாகச் சுழன்றது. தெரசாள் சிலுவை போட்டுக்கொண்டு நூலைப் பிடித்தாள். ஒரு தார் நிறைந்தது. அதோடு காற்றும் தீர்ந்து ராட்டை நின்றுவிட்டது. மறுபடி பம்பு அடிக்கவேண்டும். அதற்கு இரண்டு தோளும் வேண்டும்.

முதலில் சிரித்தவள் தெரசாள்தான். "பாத்தீகளாண்ணே, ஒரு கை வலிக்குதுன்னு மோட்டாரு செஞ்சாக. இது ரெண்டு கை கேக்குது" என்றாள், வேடிக்கை பார்க்க நின்ற என்னிடம்.

சவரியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பம்பைப் பிடித்தார். பக்கத்து வீட்டு மொக்கையன் விடுவாரா? "ஏலே சவரி, பொண்டாட்டிக்குத் தார் சுத்த ஒக்காந்துட்டியா?" என்றார்.

"நா எங்கலே சுத்துறேன்? மோட்டாருல்ல சுத்துது."

மொக்கையன் மோட்டாரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, தானும் நாலு அடி அடித்துப் பார்க்கிறேன் என்று வந்துவிட்டார். பிறகு தெரு ஆம்பிளைகள் எல்லாருக்கும் ஆசை வந்தது. ராட்டையைக் கையால் சுற்றினால் பாதிப் பாடுதான் என்று எனக்குத் தெரியும். நானும் அடித்தேன். சாயங்காலச் செபமணி கேட்பதற்குள் கூடை நிறைந்துவிட்டது. சேதி கேட்டு அன்றே தார் எடுக்க வந்த சண்முகவேலும் ஆசைக்கு அடித்துவிட்டு, புது நூலை இறக்கி வைத்துப் போனார்.

கூட்டம் கலைந்த பிறகும் சவரியப்பன் பம்பை விடவில்லை. அவருக்கு மூக்காலும் வாயாலும் புஸ் புஸ்ஸென்று இரைத்தது. தெரசாள் நூலைக் கீழே வைத்தாள். ஆட்காட்டி விரலை நாக்கில் தொட்டு, அவர் மூக்கினடியில் வைத்துப் பார்த்தாள்.