நேராக நின்ற எழுத்துகள்

என் மருமகளுக்குக் கம்ப்யூட்டரில் புதுப் புது எழுத்துருக்கள் வரைவதுதான் வேலை. ஜாஸ் இசையைக் கேட்டுக்கொண்டே, பாட்டு தள்ளாடும் இடத்தில் எழுத்தையும் தள்ளாட விடுவாள். படிக்கத் தெரியாத எனக்கே அதைப் பார்த்தால் கால் தாளம் போடும்.

ஒரு இசைக்குழுவுக்கு அப்படிப் பாதி வரைந்திருந்தபோது என் மகன் இறந்துபோனான். கொஞ்ச நாளில் அவள் மேசைக்குத் திரும்பினாள். மீதி எழுத்துகள் பேங்க் கியூவில் நிற்பவர்கள் மாதிரி வந்தன.

“என்னடி, இதுங்க விறைச்சுக்கிட்டு நிக்குது? பாட்டைப் போட்டுட்டு வரை.”

“போட்டுப் பாத்தேன் அத்தை. வெறும் சத்தமாத்தான் கேக்குது.”

நான் விடுவேனா? “அப்ப கொடுக்காதே. வேலை போனாப் போகுது. முன்னாடி வரைஞ்சது எவ்வளவு துள்ளுச்சு!”

“அதையும் நேராக்கிட்டேன். எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும்ல.”

திரையை எட்டிப் பார்த்தேன். ஒன்றுகூடத் தள்ளாடவில்லை.

மறுநாள் குழுவின் மேனேஜர் போனில் குதித்தார். “பிரமாதம்மா! தூரத்துல இருந்தே படிக்க முடியுது!”

“சரிங்க சார்” என்று வைத்துவிட்டாள்.

“அந்தப் பழசு எங்கேயாவது இருக்கா?” என்று கேட்டேன்.

“இருக்கு அத்தை. திறக்கத் தோணல.”

அழுதிருந்தால்கூட அணைத்துக்கொண்டிருப்பேன். அவள் தட்டைக் கழுவப் போய்விட்டாள்.