குடைக்கார வாத்தியாரின் தம்பி

எங்கள் வீட்டு ஹாலில் ஐந்து தட்டு வைத்த மர அலமாரி ஒன்று இருக்கிறது. அதில் சாமி படம் கிடையாது, கல்யாண ஆல்பம் கிடையாது. முழுக்க முழுக்கச் சீனத்துக் குங்ஃபூ படங்கள்தான். பழைய படங்களைத் தேடி எடுத்து, கீறலை நீக்கி, வெளுத்துப்போன நிறத்தை மீட்டு, ப்ளூ-ரே டிஸ்க்கில் போட்டு விற்கிறார்களே, அந்த டிஸ்க்குகள். மைசூரில் ஒரு தொழிற்சாலையில் காலமெல்லாம் லேத் மிஷினோடு மல்லுக்கட்டி ரிடையரான ஆளுக்கு இந்தப் பைத்தியம் தேவையா என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். தேவைதான். அவர்கள் வீட்டு டிவியில் ஓடுகிற சீரியலை நான் கேட்டேனா?

இந்த டிஸ்க்குகள் இங்கே கடையில் கிடைக்காது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள்தான் வெளிநாட்டிலிருந்து வரவழைத்துத் தருவாள். வந்து சேர ஒரு மாதமும் ஆகும், மூன்று மாதமும் ஆகும். வந்ததை நான் உடனே பிரிக்க மாட்டேன். மேலே ஒட்டிச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் தாளோடு தட்டில் நிறுத்திவைத்து, மனசு கூடிவரும் ஒரு நாளில்தான் பிரிப்பேன். மனசு கூடிவராமல் இரண்டு வருடம் நின்ற பெட்டிகளும் உண்டு.

"பாக்காத படத்துக்கு எதுக்குரீ இவ்ளோ ஜம்பம்? தசரா பொம்மையா அடுக்கி வெச்சிருக்கீங்க?" என்பாள் மனைவி. அவள் மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க்காரி. அவள் தமிழில் பாதி கன்னடம். மரியாதைக்கு ஒரு 'ரீ' போடாமல் என்னைக் கூப்பிட அவளுக்கு வராது.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் ரொம்பக் கறார். படம், எடுத்தவன் எடுத்தபடி முழுசாக இருக்க வேண்டும். ஒரு டிஸ்க்கில் நாற்பது விநாடி வெட்டுப்பட்டிருக்கிறது என்று தெரிந்தபோது மகளிடம் போனில் அரைமணி நேரம் கத்தினேன். ஏதோ அவள்தான் கத்தரிக்கோலோடு போய் வெட்டிவிட்டு வந்த மாதிரி. "அப்பா, நான் ஆபீஸ்ல இருக்கேன்" என்று அவள் மூன்று தடவை சொன்னது எனக்குக் காதில் விழவே இல்லை.

ஆனால் இந்த அலமாரி முழுவதும் சேர்ந்தது ஒரே ஒரு படத்தைத் தேடப்போய்த்தான். அதன் பெயர்கூட எனக்குத் தெரியாது.

எங்கள் ஊர் கௌதள்ளி, கர்நாடகத்தில் தமிழ்நாட்டு எல்லையோரக் கிராமம். அண்ணன் மைசூருக்குக் கட்டட வேலைக்கு வந்தார். அடுத்த வருடமே என்னையும் கூட்டிக்கொண்டார். அவர் சாரத்தில் ஏறிக் கல் அடுக்கினார், நான் ஐ.டி.ஐ.யில் படித்தேன். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது, அவருக்கு இருபத்து நாலு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சிக்குக் கிளம்பிவிடுவோம். என்ன படம் என்றெல்லாம் பார்ப்பதில்லை. சண்டை இருந்தால் போதும்.

அன்றைக்கு ஓடியது சீனப் படம், பேச்சு இங்கிலீஷ். எங்கள் இரண்டு பேருக்கும் இங்கிலீஷ் வராது. போஸ்டரில் இருந்தது தியேட்டர்காரர்களே வைத்த கன்னடப் பெயர். அந்தப் பெயரில் உலகத்திலேயே படம் எதுவும் இல்லை என்பது மகள் தேடிச் சொன்னபிறகுதான் தெரிந்தது. கதை இதுதான். ஒரு வாத்தியார். பார்ப்பதற்குக் குடை ரிப்பேர் செய்கிறவர், உள்ளுக்குள் பெரிய சண்டைக்காரர். ஒரு சண்டையில் அவர் கையில் அடிபட்டு, பெரிய கட்டாகப் போட்டுக்கொள்கிறார். அந்தக் கையோடு மழையில் ஒரு மரப்பாலத்தின் மேல் தனியாக நின்று இருபது பேரோடு மோதிச் செத்துப்போகிறார். தியேட்டரே கப்சிப். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பத்தொன்பது வயதுத் தடியன், துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன்.

அடுத்த நிமிடம், செத்த வாத்தியார் கடையில் உட்கார்ந்து குடை தைத்துக்கொண்டிருக்கிறார்! சீடனைத் திட்டுகிறார், ஓடவிட்டு அடிக்கிறார், வித்தை சொல்லிக்கொடுக்கிறார். தியேட்டர் ஒரு நொடி முழித்தது. பின்னாலிருந்து யாரோ "டபுள் ஆக்ட்!" என்று கத்தினான். அவ்வளவுதான், விசில் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது.

அண்ணன் என் தோளை உலுக்கினார். "அழுகாதடா. இது அவரோட தம்பி. கையப் பாரு, கட்டு இருக்குதா? அண்ணன் செத்த சேதி கேட்டு வந்துட்டான் பாத்தியா?"

பார்த்தேன். கையில் கட்டு இல்லை. அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? கடைசியில் சீடன் போய்ப் பழிவாங்குகிறான். அதில் தம்பி வரவே இல்லை. அதற்கும் அண்ணனிடம் பதில் இருந்தது. "வந்த வேலை முடிஞ்சுது, போயிட்டான். மாலை போட்டுக்கறதுக்கு நிக்கற ஆளா அவன்?"

அந்தத் தம்பியை அண்ணன் மறக்கவே இல்லை. பிற்பாடு நிலத்தைப் பார்க்க ஆள் வேண்டுமென்று ஊருக்கே திரும்பிப் போய்விட்டார். அங்கே பிள்ளைகளுக்கும் பேரன் பேத்திகளுக்கும் இந்தக் கதையைத்தான் சொன்னார். குடைக்கார வாத்தியாரின் தம்பி எங்கள் வீட்டில் கிட்டத்தட்டச் சொந்தக்காரன் ஆகிவிட்டான்.

பிறகு அண்ணனுக்குக் கண்ணில் பிரஷர் வந்தது. ஒரு கண் போய்விட்டது. இன்னொன்றில் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போல இருக்கிறது என்றார். போனில் ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வி.

"ஏண்டா, கெடச்சுதா? முழுசா இருட்டாகறதுக்குள்ள அந்தத் தம்பிய ஒருக்கா பாத்துப்போடோணும்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கௌதள்ளி ஒன்றும் வடதுருவம் இல்லை. காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சோற்றுக்குப் போய்ச் சேரலாம். ஆனால் நான் போவதில்லை. முதலில் ஷிப்ட் என்றேன், பிறகு மகள் படிப்பு என்றேன். ரிடையரான பிறகு சொல்லச் சாக்கு இல்லாததால் வெறுமனே போகாமல் இருந்தேன். என்னை ஆளாக்கிய மனிதரைப் போய்ப் பார்க்கவில்லையே என்று உறுத்தும். படத்தைக் கண்டுபிடித்துவிட்டால் அந்தக் கடன் தீர்ந்த மாதிரி என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மகளிடம் சொன்னேன்: இரட்டைப் பிறவி வருகிற குங்ஃபூ படம் எதுவானாலும் வாங்கு. வாங்கினாள். ஒன்றில் இரட்டை வில்லன்கள், ஒன்றில் இரட்டை ராஜகுமாரிகள். குடைக்காரர் எதிலும் இல்லை. அந்த வேகத்தில் இரட்டையர் இல்லாத படங்களும் வந்தன. வந்தவையெல்லாம் நன்றாகவும் இருந்தன, அலமாரி நிறைந்தது.

போன வருடம் ஆயுதபூஜைக்கு வீட்டைத் துடைத்துக்கொண்டிருந்த மனைவி, நாலு படம் அடங்கிய ஒரு பெட்டியின் பிளாஸ்டிக் தாளைப் பிரித்துவிட்டாள். தூசி உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தாளாம்! எனக்கு வந்ததே கோபம்.

"யாரைக் கேட்டுப் பிரிச்சே? அது என்ன பிஸ்கட் பாக்கெட்டா?"

"கூகாடாதீங்கரீ," என்றாள். கத்தாதீர்கள் என்று அர்த்தம். பெட்டிக்குள் இருந்த சின்னப் புத்தகத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "மொதல்ல இத பாருங்க. இந்தக் கொடை ரிப்பேர்காரர் யாரு?"

அவரேதான். மடியில் விரித்த குடை, வாயில் ஊசி. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வருடமாக அவர் என் தலைக்கு மேல் நின்றுகொண்டிருந்திருக்கிறார். அட்டையின் முன்பக்கத்தில் காலைத் தூக்கி உதைக்கும் சீடன். பின்பக்கத்தில், குருவைக் கொன்றவர்களைச் சீடன் பழிவாங்கும் கதை என்று இந்தப் படத்தைப் பற்றி ஒரு வரி. அது எந்தக் குங்ஃபூ படத்தில்தான் இல்லை? இரட்டையர் என்ற சொல்லே இல்லாததால் ஒதுக்கிவைத்துவிட்டேன்.

திட்டியதற்கு மன்னிப்புக்கூடக் கேட்காமல் டிஸ்க்கைப் போட்டேன். குடைக்கடை முதலில் வருகிறது. வித்தை சொல்லிக்கொடுப்பது, சீடனை ஓடவிடுவது எல்லாம் அங்கேயே முடிகிறது. அதற்குப் பிறகு கையில் அடி, கட்டு, பாலம், சாவு. அவ்வளவுதான். தம்பி என்று ஒருவன் இல்லவே இல்லை. அன்றைக்குத் தியேட்டர் ஆபரேட்டர் நாலாவது பிலிம் சுருளுக்கு முன்னால் ஐந்தாவதை மாட்டிவிட்டிருக்கிறான். செத்தவரைப் பிழைக்கவைத்தது அவன்தான்!

முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் அண்ணன் ஞாபகம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. இருக்கிற கொஞ்சப் பார்வையை வைத்துக்கொண்டு, இல்லாத ஒருவனைப் பார்க்கக் காத்திருக்கிறாரே!

"என்ன பண்றது?" என்று மனைவியைக் கேட்டேன்.

"மொதல்ல போய் உங்க அண்ணாவக் கூட்டிட்டு வாங்க. கண்ணாஸ்பத்திரில காட்டலாம். படம் ஆமேலே," என்றாள். படம் அப்புறமாம்.

மறுவாரம் பஸ் ஏறினேன். ஒன்றரை வருடம் கழித்துப் போகிறேன். அண்ணன் வாசலில் நின்றிருந்தார். தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, பார்வைக்குள் என்னைப் பிடித்த பிறகுதான் முகம் மலர்ந்தது. "வந்துட்டயாடா," என்றார். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

மறுநாள் மைசூருக்கு அழைத்துவந்தேன். அதற்கு இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் நேரம் கொடுத்திருந்தார்கள். அண்ணனுக்குப் பொறுக்கவில்லை, படத்தை அதற்கு முன்பே பார்த்துவிடுவது என்று முடிவு. வந்த மறுநாள் காலையிலேயே ஜன்னலுக்குத் திரை போட்டு, டிவிக்கு மூன்றடி தள்ளி அண்ணனுக்கு நாற்காலி போட்டேன். மனைவி கடலை வறுத்துக் கொண்டுவந்தாள். உள்ளதை உள்ளபடி சொல்லிவிட வேண்டும் என்று நான் உறுதியாக இருந்தேன். நாற்பது விநாடிக்குச் சண்டை போட்டவன், அண்ணனிடம் பொய்ப்படம் ஓட்டுவேனா?

படம் தொடங்கியது. அண்ணன் சின்னப் பையன் மாதிரி ஆகிவிட்டார். "அட, குடை செவப்பா! நான் கறுப்புன்னே நெனச்சிருந்தேன். அம்மிணி, மழையப் பாரு, ஒவ்வொரு சொட்டும் தெரியுது!" குடைக்கடை வந்தது. "இவரு அண்ணங்காரன்," என்று மனைவிக்கு விளக்கம் வேறு சொன்னார். இப்போது சொல்லலாம், இப்போது சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன், பாலம் வந்துவிட்டது. வாத்தியார் விழுந்தார்.

அண்ணன் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். "இப்பப் பாருடா. தம்பி வருவான்."

டிஸ்க்கில் படத்தைச் சுருளுக்கு ஒன்றாகப் பாகம் பிரித்திருந்தார்கள். ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் படம் முந்தைய பாகத்துக்குத் தாவும். அழுத்த வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. கட்டைவிரல் தானாக அழுத்திவிட்டது. திரையில் வாத்தியார் மறுபடியும் குடை தைத்தார். கையில் கட்டு இல்லை.

அண்ணன் கை தட்டவில்லை. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"இத இப்பத்தானடா பாத்தோம்."

நான் ரிமோட்டை மெல்ல முதுகுக்குப் பின்னால் நகர்த்தினேன்.

"ரிமோட்ட அமுக்குனயா?"

"ஆமாங்ணா."

எல்லாவற்றையும் சொன்னேன். சுருள் மாறியது, டபுள் ஆக்ட் எதுவும் இல்லாதது, எல்லாம். "அப்படி ஒரு தம்பியே இல்லைங்ணா," என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. சமையற்கட்டு வாசலில் மனைவி கரண்டியோடு நின்றுவிட்டாள்.

அண்ணனுடைய வயிறுதான் முதலில் குலுங்கியது. அப்புறம் தோள். அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார். "அட எழவே! எவனோ மாத்தி மாட்டுனதுக்கு நான் ஊரு பூராவும் கதை சொல்லிட்டுத் திரிஞ்சனா? நம்மூர்ல பாதிப் பேரு அந்தத் தம்பிய நம்பிட்டிருக்கறாங்கடா!" சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வழிந்தது. மனைவியும் சேர்ந்து சிரித்தாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சிரிப்பு அடங்கியதும் கையை நீட்டி என் முழங்காலைத் தேடிப் பிடித்தார்.

"படத்துல இல்லாட்டிப் போச்சாது போ. பஸ்ஸேறி என்னோட தம்பி வந்தானல்ல."

மறுபடியும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். இனிமேல் மாதம் ஒரு தடவை வருகிறேன் என்றேன். அந்த வாக்கை இன்றுவரை காப்பாற்றிவருகிறேன். பிறகு ஆபரேஷன் நடந்து, அந்தக் குழாய் மேற்கொண்டு சுருங்காமல் நிற்கிறது. ஆனால் அன்றைக்கு அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. மறுநாள் ஆஸ்பத்திரியில் என்ன சொல்வார்களோ என்ற பயத்தோடுதான் உட்கார்ந்திருந்தோம்.

"அழுகாதடா," என்றார் அண்ணன். "மொதல்ல இருந்து போடு. இப்படி வேண்டாம். அவன் ஓட்டுன மாதிரியே ஓட்டு."

ஓட்டினேன். மூன்றாவது பாகம் முடிந்ததும் ஐந்தாவதுக்குத் தாவினேன். மழையில், பாலத்தில், வாத்தியார் செத்தார். உடனே நாலாவதுக்குத் திரும்பினேன். குடையைத் தைத்துக்கொண்டே அவர் தலையை நிமிர்த்தியதும், அண்ணன் இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தார். கீழ் வீட்டுக்காரர்கள் என்னவோ ஏதோ என்று மாடியேறி வந்துவிட்டார்கள்.