தேசப்பனும் நம்பர் டூவும்

ஆடிக்கிருத்திகைக் கூட்டத்துக்காகப் பேருந்துகளைத் திருப்பி விட்டிருந்தார்கள். கனகம்மாசத்திரத்தில் இறங்கி அடுத்த வண்டிக்குக் காத்திருந்தபோது தேசப்பனின் மைத்துனர் கைபேசியில் அழைத்தார். "சார், எங்க பாவா தேசப்பன் போய்ட்டாருங்க. காலைல டீ குடிச்சிகினு இருந்தாரு, அப்படியே சாஞ்சிட்டாரு." சரி என்றேன்.

நம் ஞாயிற்றுக்கிழமைப் போர் விளையாட்டு மேசைக்கு வந்தவர்களுக்கு அவரைத் தெரியும். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று, நான் எழுத்தராக இருந்த வங்கியில் காவலாளியாகச் சேர்ந்தவர். விரல் உயரப் பொம்மைச் சிப்பாய்களுக்கு மதிய இடைவேளையில் நான் வண்ணம் பூசுவதை ஒருநாள் நின்று பார்த்தார். என் வீட்டு மாடியில், அட்டையில் செய்த மலைகளுக்கு நடுவே இவற்றை நிறுத்தி, பகடை உருட்டிப் போர் விளையாடுவோம் என்றேன். அடுத்த ஞாயிறே வந்துவிட்டார்.

விதிகளை எழுதியவன் நான். சாதாரணத் துப்பாக்கிக்கு ஒரு பகடை, எல்.எம்.ஜி. என்கிற இலகு இயந்திரத் துப்பாக்கிக்கு ஆறு. ஒரே உருட்டலில் எதிரிப் படையில் பாதி காலியாகும். தேசப்பன் நிஜத்தில் அதைச் சுட்டவர்.

"இது சினிமா சார்," என்றார். "எல்.எம்.ஜி. ஆளைக் கொல்றதவிட, எதிராளி தலைய தூக்க வுடாம வெச்சிகினு இருக்கும். மூணு நாலு குண்டாத்தான் வுடணும். பேரல் கொழா சூடாயிடும், மேகசின்ல குண்டு தீந்துடும். சுடறவன் நம்பர் ஒன். மேகசின் மாத்தறது, பேரல் மாத்தறது எல்லாம் பக்கத்துல படுத்துகினு இருக்கிற நம்பர் டூ."

ஆறு பகடையை இரண்டாகக் குறைத்தேன். எல்.எம்.ஜி. குறிவைத்தவர்கள் பிழைத்தாலும் அந்தச் சுற்றில் நகரக் கூடாது என்று சேர்த்தேன். நம்பர் டூவுக்கும் ஒரு பொம்மை வைத்தேன், அலங்காரத்துக்கு.

ஒரு ஞாயிறு அவருடைய நம்பர் டூ என் குண்டில் விழுந்தான். பொம்மையை எடுத்து டப்பாவில் போட்டுவிட்டு, "உங்க எல்.எம்.ஜி. சுடலாம், உருட்டுங்க" என்றேன். அவர் உருட்டவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மூன்று வாரம் மாடிக்கு வரவில்லை.

நான்காம் வாரம் வங்கி வாசலில் நானே போய்க் கேட்டேன். தெருவைப் பார்த்தபடியே பேசினார்.

"என் நம்பர் டூ கர்னூல் பக்கத்து ஆளு சார். மேகசின் தீந்துபோச்சி. இடது கைய நீட்டினேன், அடுத்தது வரல. திரும்பிப் பாக்காமயே ரெண்டு வாட்டி திட்டிட்டேன். அப்புறம்தான் பாத்தேன்."

அன்று மாலை விதியைத் திருத்தினேன்: நம்பர் டூ விழுந்தால் அடுத்த சுற்று முழுக்கத் துப்பாக்கி சுடாது. ஆட்டம் சலித்துவிடும் என்றார்கள் மற்றவர்கள். "சலிக்கட்டுங்க," என்றார் தேசப்பன். "கொஞ்ச நேரம் சும்மா உக்காந்துகினு இருங்க."

தேசப்பனின் காரியத்துக்குப் போயிருந்தேன். அவர் மனைவி என்னைத் தனியே கூப்பிட்டு, "ஞாயித்துக்கிழமைல உங்க வீட்ல என்னதான் சார் பண்ணுவாரு?" என்று கேட்டார். வீட்டில் அவர் எதுவும் சொன்னதில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன், கர்னூல்காரரைப் பற்றியும்.

"தூக்கத்துல யாரையோ கூப்பிட்டுகினே இருப்பாரு. எனக்கு வெளங்காது. அந்த ஆளு பேரு என்னங்க?" என்றார் அந்த அம்மா.

எனக்குத் தெரியவில்லை. அத்தனை ஞாயிறுகள் எதிரெதிரே உட்கார்ந்து துப்பாக்கியின் எடை, சூடு, வீச்சு எல்லாவற்றையும் அவரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டவன், அந்தப் பெயரைக் கேட்கவில்லை. தேசப்பனிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த ஒரு விதி. அதில் 'நம்பர் டூ' என்றுதான் எழுதியிருக்கிறது.