ஒரு மணி இருபது நிமிடத் தூரம்

டுசல்டோர்ஃப் விமான நிலையத்திலிருந்து லண்டனுக்கு ஐந்நூறு கிலோமீட்டர். ஒரு மணி இருபது நிமிடம் பறக்கவேண்டும். லண்டன் மணிக்கூடு ஒரு மணித்தியாலம் பின்னால் ஓடுவதால், பத்துக்கு ஏறுகிறவன் பத்து இருபதுக்கு இறங்கிவிடலாம். கணேசலிங்கத்துக்கு இது மனப்பாடம். ஆனால் ஒருநாளும் ஏறவில்லை.

அவருக்கு ஜெர்மனியின் ஹம் நகரில் பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை. ஜெர்மன் பாஸ், அந்தக் கடவுச்சீட்டு, கிடைத்துப் பத்து வருடமாகிறது. லண்டனில் இருக்கும் அக்கா சிவமலருக்கு அதைச் சொல்லவில்லை. சொன்னால் 'எப்ப வாறாய்?' என்று கேட்பார். பாஸ் கிடைத்து இரண்டு வருடத்தில் அக்காவின் கணவர், அத்தான், இறந்துபோனார். அந்தக் கிழமைதான் தொழிற்சாலையில் நிரந்தர வேலைக்கு ஆள் எடுத்தார்கள். கையில் லீவு இருந்தது. கேட்கப் பயந்தார்.

"பாஸ் இன்னும் வரேல்லை, அக்கா. நான் என்ன செய்ய?" என்றார் போனில்.

அகதியாய் வந்தவன் இந்தச் சாக்கைச் சொன்னால் யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

போன மாதம் பழைய பாஸ் முடிந்து புதியது வந்தது. அதில் திகதியும் புதிது. இனிப் பிடிபட வழியில்லை என்று போனடித்தார்.

"பாஸ் வந்திட்டுது, அக்கா. நான் வாறன்."

"நீ இரு, நான் வாறன். உனக்குப் பாஸ் கிடைச்சால் ஹம் அம்மன் தேருக்குப் பாற்குடம் எடுக்கிறனெண்டு நேர்த்தி வைச்சனான்."

தேருக்கு முதல்நாள் அக்கா வீங்கிய முழங்காலோடு டுசல்டோர்ஃபில் வந்து இறங்கினார். கூட்டிப்போக வந்த கணேசலிங்கத்தோடு ஏறிய ஹம் ரயிலும் ஏறக்குறைய அந்த ஒரு மணி இருபது நிமிடம்தான்.

"பாஸைக் காட்டு பாப்பம்." வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "படத்தில நல்ல மொட்டை. உன்னை இவ்வளவு காலம் அலைக்கழிச்சவங்கள் நாசமாப் போகட்டும்."

கணேசலிங்கம் யன்னலைப் பார்த்தார்.

"நாளைக்கு வெறுங்காலோட நடக்கவேணும். டொக்டருக்குச் சொல்லேல்லை," என்று அக்கா சிரித்தார்.

டோர்ட்மண்ட் தாண்டியதும் கணேசலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை.

"குடம் எடுக்காதேங்கோ, அக்கா. இது எனக்கு ரெண்டாவது பாஸ்."

"முதலாவது எப்ப?"

"அத்தான் மோசம்போறதுக்கு ரெண்டு வருசம் முதல். லீவு கேக்கப் பயந்துபோய்ப் பொய் சொன்னனான்."

அக்கா பாஸை அவருடைய மடியில் வைத்தார்.

"பிளேனில ஒரு தேத்தண்ணி குடிச்சு முடியமுதல் இறங்கச் சொல்லிப்போட்டாங்கள்," என்றார். "செத்தவீட்டண்டைக்கு அத்தான்ரை பெட்டியை மூட விடாமல் ஒரு மணித்தியாலம் மறிச்சு வைச்சிருந்தனான். களவாயெண்டாலும் நீ வந்து சேருவாயெண்டு."

கணேசலிங்கம் மடியிலிருந்த பாஸை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

ஹம் வந்தது. அக்காவின் பயணப்பெட்டியைத் தூக்கப்போனார். அக்கா விடவில்லை.

"அம்மாளுக்குச் சொன்னது சொன்னதுதான். குடத்தை நீ தூக்கு."

"ஓம், அக்கா."

"நாளைக்கு வேலையில்லையோ?"

வேலை இருந்தது. அக்காவைக் கோயிலில் விட்டுவிட்டுப் பின்னேர வேலைக்கு ஓடுவதாகத்தான் நினைத்திருந்தார். பிளாட்பாரத்தில் நின்றபடியே மேற்பார்வையாளருக்குப் போன் போட்டு, நாளைக்கு வரமாட்டேன் என்றார். மறுமுனையில் சத்தம் போட்டார்கள். இன்னொரு தடவை சொன்னார்.

அக்கா அவர் போனை வைக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டு, நொண்டி நொண்டி முன்னால் நடந்தார்.