டிரைவர் சீட்ல ஆள் உட்காந்துதான் அளக்கணும்

இன்னைக்கு சர்வீஸ் சென்டர்ல...

முன் சக்கரத்து நடுவுல இருந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் டேப் வச்சு அளந்துட்டிருந்தாங்க. முன்பக்க சஸ்பென்ஷன் எவ்வளவு உயரத்துல நிக்குதுன்னு பாக்கறாங்களாம்.

எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. (டேப்பப் பாத்து அழுத ஒரே கஸ்டமர் நான்தான்!)

எழுபதுகள்ல, வெளிநாட்டுல டூங்கபிங்கற ஊர்ல இருந்தப்ப, என் வீட்டுக்காரர் திடீர்னு ஹார்ட் அட்டாக்ல போயிட்டார்.

மதுரைல இருந்து எங்க வீட்டு ஆளுங்க ஒரே பாட்டு. "எல்லாத்தையும் வித்துட்டு வந்துடும்மா."

எனக்குப் பக்கத்து ஊர் பரமட்டால நர்ஸ் வேலை. விட மனசே இல்ல. ஆனா தனியா இருக்க பயம். சரின்னுட்டேன். முதல்ல கார விக்கறதா முடிவாச்சு.

லைசென்ஸ் இருந்ததே தவிர, அந்த ஸ்டியரிங்க நான் தொட்டதே இல்ல.

டிரைவர் பக்கம் மட்டும் முன்னாடி தூக்கிட்டு நின்னுது. வாங்க வர்றவங்க யோசிப்பாங்கன்னு, அவரோட சிநேகிதர் செல்வா அண்ணே அத சரி பண்ண வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர்.

"தங்கச்சி, டிரைவர் சீற்றில ஏறி இருங்கோ. ஓடுற ஆளின்ர பாரத்தோடதான் அளக்க வேணும்."

"நானா? நான் எங்கண்ணே ஓட்டப்போறேன்?"

"இப்ப வேற ஆர் இருக்கினம்?"

ஏறினேன். சீட் என் வீட்டுக்காரர் உடம்புக்கு அமுங்கிக் கிடந்தது. பெடல் எனக்கு எட்டல. அழுதுட்டேன்.

அண்ணே பானெட்ட அமுக்கிக் குலுக்கி விட்டு, ரெண்டு பக்கமும் அளந்தார்.

"இந்தப் பக்கம் இன்னும் முக்கால் இஞ்ச் உயரம். இது அவற்ற பாரத்துக்கு வச்சது, தங்கச்சி."

(என் வீட்டுக்காரர் நல்ல கனம்! தான் உட்கார்ந்தா சமமா நிக்கணும்னு, அவரே கீழ படுத்து உயரம் ஏத்துற போல்ட்ட முறுக்கி வச்சிருக்கார்.)

அவர் வந்து உட்காருவார்னு கார் இன்னும் தூக்கிட்டே நிக்குது.

"வாங்கிற ஆளின்ர பாரம் தெரியாதே. ஆருக்கெண்டு வைக்கிறது?"

ஸ்டியரிங்க ரெண்டு கையாலயும் பிடிச்சிருந்தேன். எப்ப பிடிச்சேன்னே தெரியல.

"எனக்கு வைங்கண்ணே."

நிமிர்ந்து பாத்தார். "அப்ப விக்கேல்லையோ?"

"இல்ல. ஊருக்கும் போகல."

அண்ணே மூக்க உறிஞ்சிட்டு ஸ்பேனர எடுத்தார்.

"அப்ப இறங்குங்கோ. போல்ற்றைத் தளர்த்திப்போட்டு, திரும்ப ஏறி இருந்து அளக்க வேணும். சரிவராட்டி இன்னொருக்கா. கஷ்டமில்லையோ?"

"எத்தன தடவ வேணாலும் ஏறுறேண்ணே."